ஒரே ஒரு கோல் அடித்த பெடியன்: ஸ்காபரோ லீஃப்ஸ் கூட்டத்துக்கு ஒரு திறந்த மடல்

அண்ணைமாருக்கும் தம்பிமாருக்கும், எங்கள் எல்லாரையும் விட ஆட்டம் விளங்கிய அந்த ஒரே அக்காவுக்கும் வணக்கம்.

2024 ஜூன் 28 வெள்ளி இரவு எங்கள் வழக்கமான பேஸ்மெண்டில் நடந்ததைப் பற்றித்தான் எழுதுகிறேன். லாஸ் வேகஸில் அந்தப் பெரிய உருண்டைக் கட்டடத்துக்குள் என்.எச்.எல். என்ற பெரிய ஐஸ் ஹொக்கி லீக்கின் டிராஃப்ட், அதாவது அணிகள் முறைவைத்து இளம் ஆட்டக்காரரைத் தெரிகிற நிகழ்ச்சி, நடந்தது, மொன்றியலுக்குப் பெயர் வாசிக்க செலின் டியோனே வந்து நின்றார், அதுவரைக்கும் எல்லாரும் நல்ல புழுகத்தில்தான் இருந்தோம். பிறகு 23வது இடத்தில் எங்கள் ரொறன்ரோ லீஃப்ஸின் முறை வந்தது. அதை அனஹைம் அணிக்குக் கொடுத்து, இன்னொரு தெரிவையும் வாங்கிக்கொண்டு 31வது இடத்துக்கு இறங்கிவிட்டார்கள். அதிலேயே பாதிப் பேருக்கு முகம் கறுத்துவிட்டது. நேரம் நன்றாகச் சென்றபின் பெயர் வந்தது: பென் டான்ஃபோர்ட், ஓஷவா ஜெனரல்ஸ் என்ற ஜூனியர் அணி, டிஃபென்ஸ்மன், அதாவது பின்வரிசைத் தடுப்பாளன்.

"ஆர் இவன்?"

ஒருவர் உடனே போனில் தேடினார். "64 மட்ச். ஒரு கோல்." "ஒண்டா?" "ஒண்டுதான்." அறை முழுக்கச் சிரிப்பு. "எங்கட சின்னவனே ஹவுஸ் லீக்கில ரெண்டு அடிச்சவன்" என்றார் இன்னொருவர். ஐந்து நிமிடத்துக்குள் ஒரு பதினெட்டு வயதுப் பெடியனின் கணக்கை முடித்துவிட்டோம், மேசையில் வைத்த ரோல்ஸ் அப்போதும் சூடாகத்தான் இருந்தது.

அன்று நான் வாய் திறக்கவில்லை. திறந்திருக்க வேண்டும். இரண்டு கிழமையாக மனசுக்குள் வைத்துக்கொண்டு திரிந்துவிட்டு இப்போது எழுதுகிறேன், ஏனென்றால் இதே பிழையை 2008ல் உங்கள் எல்லாரையும் விடச் சத்தமாகச் செய்தவன் நான்.

முதலில் அந்த ஒரு கோல் கதையை முடித்துவிடுவோம். போன் வைத்திருந்தவர் அடுத்த பெட்டியையும் வாசித்திருக்கலாம். அசிஸ்ட், அதாவது மற்றவர் கோலுக்கு வழிசெய்த பாஸ், 32. கோலையும் சேர்த்தால் 33 புள்ளி. பெரிய எண்ணிக்கை என்று சொல்லமாட்டேன், அதே டிராஃப்டில் 9வதாகக் கல்கரி எடுத்த ஸெய்ன் பரேக் ஜூனியரில் குவித்த புள்ளிகளுக்குப் பக்கத்தில் இதை வைக்கவே முடியாது. ஆனால் பரேக்கை எடுப்பது கோல் அடிக்க, டான்ஃபோர்டை எடுப்பது அடிக்க விடாமல் இருக்க. இரண்டு பேரும் ஒரே பெயருள்ள இடத்தில் நிற்கிறார்கள், செய்கிற வேலை வேறு. கிரிக்கெட்டில் விக்கெட் கீப்பரை அவர் எடுத்த விக்கெட் எத்தனை என்று கேட்கிற மாதிரியான கேள்வி இது. ஓஷவா என்றவுடன் எங்களுக்கு அங்கே ஆடிய பழைய நட்சத்திர டிஃபென்ஸ்மன் பொபி ஓரின் ஞாபகம் வருவதும் ஒரு கரைச்சல். ஜெனரல்ஸில் ஆடிப் போன டிஃபென்ஸ்மன் என்றால் என்.எச்.எல். முழுக்கவே அதிக புள்ளி எடுத்துக் காட்ட வேண்டும் என்று யாரோ ஒரு சட்டம் போட்டுவிட்டது போல நினைக்கிறோம்.

சரி, கோலை எண்ணாமல் எதைப் பார்ப்பது?

எனக்கும் கனகாலமாகத் தெரியாது. கனடாவுக்கு வந்த புதிதில் சனிக்கிழமை இரவுகளில் டிவியில் சிபிசியைப் போட்டுவிட்டு, பக், அந்தக் கறுப்பு வட்டு, எங்கே போகிறதோ அங்கே கண்ணை ஓட்டினேன், பக் கோலுக்குள் போனால் கத்தினேன், அவ்வளவுதான் என் ஹொக்கி அறிவு. என் தங்கச்சியின் மகன் டிஃபென்ஸ் ஆடத் தொடங்கிய பிறகுதான் கண் திறந்தது. ஒருநாள் விடியக்காலம் ஆறு மணிப் பயிற்சியில், கையில் கோப்பியோடு நடுங்கிக்கொண்டு நின்ற என்னிடம் அவனுடைய பயிற்சியாளர் சொன்னார்: ஒரு ஷிஃப்ட், அதாவது ஐஸில் ஒரு தடவை இறங்கி நிற்கிற நேரம், முழுக்கப் பக்கைப் பார்க்காதே, உன் பிள்ளையை மட்டும் பார். நாற்பது, ஐம்பது விநாடிதானே என்று பார்த்தேன். பக் எங்கேயோ போய்க்கொண்டிருந்தது, இவன் ஒரு தரம் பின்னுக்கு ஓடினான், இரண்டு தரம் தோளுக்கு மேலால் திரும்பிப் பார்த்தான், பிறகு சும்மா நின்றான். சும்மா நின்றதற்குப் பயிற்சியாளர் கைதட்டினார். அந்த இடத்தில் நின்றபடியால்தான் எதிரணிப் பையன் நடுவுக்குள் வராமல் ஓரத்துக்குப் போனானாம்.

அந்தக் கண்ணோடுதான் போன குளிர்காலம் மூன்று தரம் 401 நெடுஞ்சாலையில் ஓஷவாவுக்குப் போனேன். டான்ஃபோர்டுக்காக இல்லை, உண்மையைச் சொன்னால் டிக்கெட் மலிவு என்பதற்காக. லீஃப்ஸ் ஆட்டத்துக்கு ஒரு குடும்பம் போகிற காசில் அங்கே எத்தனை தரம் போகலாம் என்று உங்களுக்கே தெரியும். ஆனால் கீழ் வரிசையில் இருந்து பார்க்கும்போது ஒருவனை விட்டுக் கண் எடுக்க முடியவில்லை.

ஒரு டிஃபென்ஸ்மனுக்கு ஆட்டத்திலேயே கஷ்டமான வேலை எது தெரியுமா? எதிரணி பக்கை எங்கள் மூலைக்குள் தள்ளிவிட்டுத் துரத்தி வருவான். இவன் முகத்தை ஓரப்பலகைப் பக்கம் வைத்துக்கொண்டு, முதுகை எதிரிக்குக் காட்டிக்கொண்டு, முழு வேகத்தில் போய் அந்தப் பக்கை எடுக்க வேண்டும். பின்னால் வருகிறவன் இடிக்கத்தான் வருகிறான். இடி வாங்குவதற்கு முந்திய அந்த அரை விநாடிக்குள் எங்கே கொடுப்பது என்று முடிவெடுத்திருக்க வேண்டும். எல்லாருக்கும் பயம் வரும். அநேகமான பெடியன்கள் அந்தப் பயத்தில் கண்ணாடிப் பக்கமாகக் கண்மூடித்தனமாக ஒரு அடி அடித்துவிட்டு விலகிவிடுவார்கள், அது நேரே எதிரணியின் ஸ்டிக்கில் போய் விழும். டான்ஃபோர்ட் போகிற வழியிலேயே இந்தத் தோள், அந்தத் தோள் என்று இரண்டு தரம் பார்க்கிறான், இடியை வாங்கிக்கொண்டே பத்தடி தூரத்தில் நிற்கிறவனுக்குச் சின்னதாக ஒரு பாஸ் கொடுக்கிறான், எழும்பிப் போகிறான். அதற்கு யாரும் கைதட்டுவதில்லை. அப்படித் தொடங்கின பக் எதிர்ப்பக்கம் போய்க் கோலானால் சில வேளை ஒரு அசிஸ்ட் கிடைக்கும், பல வேளை அதுவும் இல்லை.

மற்றது, இடைவெளி. எதிரி பக்கோடு வேகமாக வரும்போது பின்னோக்கிச் சறுக்கிக்கொண்டு அவனுக்கும் தனக்கும் நடுவில் எவ்வளவு தூரம் விடுகிறான் என்பது. கனக்க விட்டால் எங்கள் பகுதி தொடங்குகிற நீலக்கோட்டை நோகாமல் தாண்டிவந்து சுடுவான், மிகக் கிட்டப் போனால் ஒரு வெட்டில் சுற்றிக்கொண்டு போய்விடுவான். நல்ல கால் உள்ளவனுக்குத்தான் கிட்ட நிற்கிற துணிவு வரும், ஏமாந்தாலும் திரும்பி ஓடிப் பிடிக்கலாம் என்ற நம்பிக்கை. டான்ஃபோர்ட் கிட்ட நிற்கிறான். நீலக்கோட்டிலேயே ஸ்டிக்கை நீட்டி வழியை மூடுகிறான். வருகிறவன் வேறு வழியில்லாமல் பக்கை உள்ளே தள்ளிவிட்டு மாற்றாளுக்காக வெளியே போகிறான். ஒரு நாள் ஆட்டத்தில் இது எத்தனை தரம் நடந்தது என்று நான் எண்ண முயன்றேன், இரண்டாவது பகுதியில் எண்ணிக்கையை விட்டுவிட்டேன்.

இன்னொன்று, அவன் ஸ்டிக்கை வலப்பக்கம் பிடிக்கிறவன். எங்களில் பலருக்கு இது ஒரு விசயமாகவே தெரிவதில்லை. ஹொக்கியில் இடப்பக்கம் பிடிக்கிறவர்கள்தான் அதிகம், ஆனபடியால் வலப்பக்க டிஃபென்ஸில் இடக்கைக்காரரை நிறுத்தி ஒப்பேற்றுகிறார்கள், அவர் ஓரப்பலகையோடு வருகிற பக்கையெல்லாம் பின்கையால் எடுத்துத் திணறுவார். லீஃப்ஸ் எத்தனை வருடம் இப்படி ஒப்பேற்றினது என்று நினைத்துப் பாருங்கள். இந்த 2024 ஜூலை 1ல் கிறிஸ் டனெவ் என்ற டிஃபென்ஸ்மனுக்கு ஆறு வருடம், வருடத்துக்கு 45 லட்சம் டொலர் கொடுத்ததும் இதற்காகத்தான். டனெவைப் பற்றிப் பிறகு வருகிறேன், அவர்தான் இந்த மடலின் பாதி.

இப்போது 2008.

டிராஃப்ட் ஒட்டாவாவில் நடந்தது. லீஃப்ஸ் 7வது இடத்தில் இருந்தது. லூக் ஷென் என்ற சஸ்கற்றூன் பெடியனுக்காக அந்த 7வது இடத்தோடு இன்னும் இரண்டு தெரிவுகளையும் ஐலண்டர்ஸ் அணிக்குக் கொடுத்து 5க்கு ஏறினார்கள். கெலோனா ரொக்கெட்ஸில் ஆடியவர், பெரிய உடம்பு, தன் பக்கம் வருகிறவர்களை அழித்துவிடுவதால் பட்டப்பெயர் 'மனித அழிறப்பர்'. எனக்கு அந்தப் பெயர் மிகவும் பிடித்துவிட்டது. பதினெட்டு வயதில் அவரை ஜூனியருக்குத் திருப்பி அனுப்பாமல் நேரே என்.எச்.எல்.லில் ஆட விட்டார்கள், 70 ஆட்டம் ஆடினார், அந்த வருடப் புதுமுகங்களின் முதல் அணியில் ட்ரூ டௌட்டியோடு பெயர் வந்தது. நான் 2ம் இலக்க ஜேர்சி வாங்கினேன். அந்த நேரத்து என் சம்பளத்துக்கு அது கொழுப்புத்தான்.

பிறகு அடுத்தடுத்த வருடங்கள். அணியோ ஒவ்வொரு வருடமும் பிளேயோஃப் என்ற பருவமுடிவுச் சுற்றுகளின் பக்கமே தலைவைக்காமல் விழுந்துகொண்டிருந்தது, பத்தொன்பது, இருபது வயதுப் பெடியன் எதிரணியின் மிகச் சிறந்த ஆட்களுக்கு முன்னால் ஒவ்வொரு இரவும் நின்றான், பிழை விட்டான், ஒவ்வொரு பிழையும் எங்கள் டிவியில் மூன்று கோணத்தில் திரும்பத் திரும்ப ஓடியது. நான் கத்தினேன். இவனுக்கு ஓடத் தெரியாது, இவன் மரம், இவனை ஏன் எடுத்தாங்கள், 15வதாக ஒட்டாவா எடுத்த கார்ல்சனைப் பார். கார்ல்சனைப் பார் என்று நான் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது, அதை மறைக்கப்போவதில்லை: எரிக் கார்ல்சன் 2012 ஜூனில் லீக்கின் சிறந்த டிஃபென்ஸ்மனுக்கான நொறிஸ் கோப்பையை வாங்கினார், 22 வயதில். அதே கிழமை லீஃப்ஸ் ஷென்னை ஃபிலடெல்ஃபியாவுக்கு அனுப்பிவிட்டு ஜேம்ஸ் வான் றீம்ஸ்டைக்கை எடுத்தது. அதற்கு முதல் நாள்தான் இன்னொரு டிஃபென்ஸ்மனை, அதே 5வது இடத்தில், எடுத்திருந்தார்கள். மோர்கன் றைலி. முழங்கால் கிழிந்து அந்தப் பருவத்தில் வெறும் 18 ஆட்டம் மட்டும் ஆடியிருந்த பெடியன்.

ஷென் போனபோது நான் சந்தோசப்பட்டேன். ஜேர்சியை உடுப்புப் பெட்டிக்குள் போட்டேன். அந்த நேரம் அவருக்கு எத்தனை வயது என்று நீங்கள் யாராவது கணக்குப் பார்த்தீர்களா? 22. நான் முடித்துவைத்த ஆளுக்கு 22 வயது.

மிச்சக் கதை உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் வரிசையாகச் சொன்னால்தான் உறைக்கும். ஃபிலடெல்ஃபியா, லொஸ் ஏஞ்சலஸ், அரிஸோனா, அனஹைம், அங்கே மைனர் லீக்குக்கு இறக்கம், பிறகு வான்கூவர், பிறகு டாம்பா பே. டாம்பாவோடு 2020லும் 2021லும் ஸ்டான்லி கோப்பை, என்.எச்.எல்.லின் சாம்பியன் கோப்பை. 2020 கோப்பையை அவரோடு சேர்ந்து தூக்கியவர்களில் ஸக் போகோசியனும் ஒருவர். 2008ல் ஷென்னுக்கு இரண்டு இடம் முன்னால் 3வதாக எடுக்கப்பட்டு, அவரைப் போலவே "எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை" என்று முத்திரை குத்தப்பட்டவர். 2023 பெப்ரவரியில் ஷென் ரொறன்ரோவுக்கே திரும்பி வந்தார். றைலியின் பக்கத்தில் நிறுத்தினார்கள். 2004க்குப் பிறகு லீஃப்ஸ் முதல் தடவையாக ஒரு பிளேயோஃப் சுற்றை வென்றது அந்த வசந்தத்தில்தான், அதுவும் டாம்பாவுக்கு எதிராக, 22 வயதில் நான் துரத்திய ஆளும் முழங்கால் கிழிந்த பெடியனும் சோடியாக நின்று. நான் பெட்டியைத் திறந்து ஜேர்சியைத் தேடினேன். மனுசி அதை எப்போதோ பழைய உடுப்புச் சேர்க்கிறவர்களுக்குக் கொடுத்துவிட்டாராம்.

யாரும் இப்போது "அப்ப ஷென்னை எடுத்தது சரியா" என்று கேட்பீர்கள். 5வது இடத்தில், கார்ல்சன் 15லும் ஜோன் கார்ல்ஸன் 27லும் றோமன் ஜோசி 38லும் கிடந்த ஒரு வருடத்தில், இல்லை, சரியில்லை. அதை நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தத் தவறு எடுத்தவர்களுடையது. அந்தப் பெடியன் அந்த இடத்தைக் கேட்கவில்லை. 38வதாக எடுத்திருந்தால் அவரைக் கொண்டாடியிருப்போம். நாங்கள் ஆளை மதிப்பிடுவதாக நினைத்துக்கொண்டு எண்ணை மதிப்பிடுகிறோம், பிள்ளையின் சோதனை மறுமொழி வந்த அன்று வீட்டுக்கு வருகிற மாமாமார் மாதிரி.

அப்படியென்றால் எடுக்கிறவர்களுக்குத்தான் தெரியுமா? அவர்களுக்கும் தெரியாது. 2012ல் முதல் பத்துப் பேரில் எட்டுப் பேர் டிஃபென்ஸ்மன்கள். 4வதாகப் போன கிறிஃபின் றைன்ஹார்ட் என்.எச்.எல்.லில் மொத்தம் 37 ஆட்டம் ஆடினார். அதே டிராஃப்டில் கோல்டன் பராய்க்கோ 86வது, ஜேக்கப் ஸ்லேவின் 120வது. இன்றைக்கு எந்த அணியாவது றைன்ஹார்டை எடுத்துக்கொண்டு ஸ்லேவினை விடுமா? இன்னும் பின்னுக்குப் போனால் நிக்லஸ் லிட்ஸ்ட்ரம் 1989ல் 53வது, ஏழு நொறிஸ் கோப்பை. ஊர் ஊராகப் போய் வருடம் முழுக்க இதையே பார்த்துச் சம்பளம் வாங்குகிறவர்களே டிஃபென்ஸ்மன் விசயத்தில் இப்படிச் சறுக்குகிறார்கள். முன்வரிசைக்காரனுக்கு ஒரு வேகமான கையும் காலும் இருந்தால் பதினெட்டிலேயே தெரிந்துவிடும். டிஃபென்ஸ்மனுக்குத் தேவையானது ஆட்டத்தைப் படிக்கிற புத்தி, அது பெரிய ஆட்களிடம் அடி வாங்கி, ஏமாந்து, வெட்கப்பட்டு வருவது. உடம்பும் பிந்தித்தான் முற்றும்.

இப்போது டனெவ். இவரும் 1989ல் பிறந்தவர், டிசம்பரில். ஷென் அதே வருடம் நவம்பரில். இரண்டு பேருக்கும் ஏழே கிழமை வித்தியாசம். அதாவது 2008ல் ஷென்னின் பெயரை 5வதாக வாசித்தபோது டனெவின் பெயரையும் வாசித்திருக்கலாம். வாசிக்கவில்லை. ஏழு சுற்றிலும் இல்லை, அடுத்த வருடமும் இல்லை. எங்கள் ஊர்ப் பிள்ளை, ரொறன்ரோவிலேயே வளர்ந்தவர், பதின்ம வயதில் உடம்பு மிகச் சிறிது என்று நல்ல அணிகள் ஒதுக்கிவிட்டன. பிறகு வளர்ந்தார், றொச்செஸ்டரில் ஒரு கல்லூரி அணிக்கு ஒரே ஒரு பருவம் ஆடினார், 2010ல் வான்கூவர் டிராஃப்ட் இல்லாமலே ஒப்பந்தம் செய்தது. கோல் அடிக்கமாட்டார். பக்கின் முன்னால் விழுந்து தடுப்பார், மூலையில் இடி வாங்கிக்கொண்டு சின்னப் பாஸ் கொடுப்பார். நான் மேலே ஓஷவாவில் பார்த்ததாக எழுதினேனே, அந்த வேலை. ஜூலை 1ல் ஒப்பந்தச் செய்தி வந்தபோது எங்கள் கூட்டத்தில் வெடி கொளுத்தாத குறை. சரியாக மூன்று நாளுக்கு முன்னால் அதே வேலைக்குப் பழகுகிற ஒரு பெடியனைப் பார்த்து அதே ஆட்கள் சிரித்தோம். முப்பத்திநாலு வயதில் அது அருமை, பதினெட்டில் அது பகிடி. எனக்கு இது விளங்கவில்லை.

சொந்த ஆட்டக்காரரையே பார்த்து 'பூ' என்று கூவுவதைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும், ஏனென்றால் ரொறன்ரோக்காரருக்கு டிஃபென்ஸ்மனைக் கண்டால் கூவுவது ஒரு வியாதி. லறி மேர்ஃபியைக் கூவிக் கூவி 1997ல் டிட்றோயிட்டுக்கு அனுப்பினோம், கிட்டத்தட்டச் சும்மா கொடுத்தார்கள். அவர் அங்கே போன அந்த வருடமும் கோப்பை, அடுத்த வருடமும் கோப்பை, லிட்ஸ்ட்ரமுக்குச் சோடி, இப்போது ஹோல் ஒஃப் ஃபேமில் இருக்கிறார். 2019 ஜனவரியில் ஜேக் கார்டினரைச் சொந்த அரங்கிலேயே கூவினோம். கார்டினரும் 2008 டிராஃப்ட்தான், 17வது. பக்கைத் தொடுகிற ஒவ்வொரு தரமும் பின்னால் இருபதாயிரம் பேர் கூவும்போது அந்த மூலைக்குள் முதுகைக் காட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள், அப்போது தெரியும்.

சிலர் சொல்வது எனக்குக் கேட்கிறது: "அண்ணை, நீங்கள் சொல்றதெல்லாம் சரி, ஆனா 23ல இன்னும் நல்ல ஆள் இருந்தானே, ஏன் இறங்கினாங்கள்?" 2018லும் இப்படித்தான் 25ல் இருந்து 29க்கு இறங்கி றஸ்மஸ் ஸன்டினை எடுத்தார்கள், அப்போதும் முணுமுணுத்தோம். ஸன்டின் என்.எச்.எல். தரத்துக்கு வந்தார், 2023ல் அவரை வொஷிங்டனுக்கு மாற்றியபோது ஒரு முதல் சுற்றுத் தெரிவு கிடைத்தது, அதில் 28வதாக ஈஸ்டன் கவனை எடுத்தார்கள். கவன் பெயர் வந்தபோது பேஸ்மெண்டில் என்ன சொன்னோம்? "ஆர் இவன்?" அந்த ஆர் இவன்தான் இந்த 2024 வசந்தத்தில் லண்டன் நைட்ஸோடு ஒன்ராறியோ ஜூனியர் லீக் கோப்பையைத் தூக்கி, பிளேயோஃபின் சிறந்த ஆட்டக்காரராகவும் வந்தான். இறுதிச் சுற்றில் அவர்கள் நாலுக்குப் பூச்சியம் என்று துடைத்தெறிந்தது யாரை? ஓஷவாவை. டான்ஃபோர்டின் அணியை. ஆகவே எங்கள் இரண்டு "ஆர் இவன்"களும் மே மாதத்தில் ஒருவரையொருவர் மோதிப் பழகியாயிற்று.

நான் டான்ஃபோர்டைத் தலையில் தூக்கி வைக்கிறேன் என்று நினைக்கவேண்டாம். நீலக்கோட்டில் இருந்து அவன் சுடுகிற சூட்டில் ஒரு கோலி பயப்படுகிற மாதிரி ஒன்றையும் நான் பார்க்கவில்லை, அந்த ஒரு கோல் தற்செயல் இல்லை. எதிரணியில் ஒரு ஆள் குறைந்திருக்கிற பவர் பிளேயில் பெரிய வேலை கிடைக்கும் என்று நான் நம்பவில்லை. முன்னால் வெளி கிடைத்தும் பாதுகாப்பாக ஓரத்தால் விட்டுவிடுகிற இடங்களும் இருந்தன. அது பயிற்சியாளர் சொல்லியா, அவனுடைய சுபாவமா என்று வெளியே இருந்து பார்க்கிற எனக்குப் பிடிபடவில்லை. ஜூனியரில் பதினாறு வயதுப் பிள்ளைகளை நீலக்கோட்டில் மறிப்பதும் என்.எச்.எல். நட்சத்திரம் மக்டேவிட்டை மறிப்பதும் ஒன்றில்லை. என்னைக் கேட்டால், எல்லாம் நன்றாக நடந்தால் ஒருநாள் இரண்டாவது சோடியில் வலப்பக்கம், பெனால்டி கொல்லும்போது, அதாவது எங்கள் பக்கம் ஆள் குறைந்து தடுத்தாடும்போது, முதல் ஆள். கொஞ்சம் குறைவாக நடந்தால் மூன்றாவது சோடி. 31வது இடத்துக்கு அது நல்ல விளைவு. அதற்கு மேல் எதிர்பார்த்துவிட்டு அவனைத் திட்டினால் பிழை எங்களுடையது.

அதோடு இப்போதைக்கு அவன் இங்கே வரப்போவதும் இல்லை. 2024ல் உள்ள ஒப்பந்த விதிப்படி, ஜூனியரில் இருந்து எடுத்த பதினெட்டு வயதுப் பிள்ளை ஒன்றில் என்.எச்.எல்.லில் ஆடவேண்டும், இல்லாவிட்டால் தன் ஜூனியர் அணிக்கே திரும்பவேண்டும், நடுவில் லீஃப்ஸின் கீழ் அணியான மார்லீஸில் வைத்துப் பழக்க முடியாது. ஆகவே செப்டம்பர் பயிற்சி முகாமில் அவனை வெளியே அனுப்பும்போது "பார்த்தியா, தட்டிக் கழிச்சிட்டாங்கள்" என்று யாரும் தொடங்கவேண்டாம். 2008ல் ஷென்னை அப்படி அனுப்பியிருந்தால் நான் ஜேர்சி வாங்கியிருக்கமாட்டேன், அவருக்கும் அந்த நாலு வருடம் அவ்வளவு கசந்திருக்காது என்று இப்போது நினைக்கிறேன். லில்யக்ரென் என்ற டிஃபென்ஸ்மனை 2017ல் 17வதாக எடுத்தோம், ஏழு வருடமாக ஒவ்வொரு மாதமும் அவரைப் பற்றி ஒரு தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருக்கிறோம், ஒன்றாவது அடுத்த மாதம் வரை நின்றதா?

எனக்கு உங்களிடம் வேண்டியது இரண்டு வருட வாய்ப்பூட்டு. அது எங்கள் கூட்டத்தால் முடியாது என்று எனக்குத் தெரியும், அதனால் வேறொன்று கேட்கிறேன். ஒக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை ஓஷவாவுக்குப் போவோம். என்னுடைய வான் வண்டியில் ஆறு பேர் தாராளமாக இருக்கலாம், வேலை முடிந்து மார்க்கம் ரோட்டில் ஐந்தரைக்கு ஏற்றினால் ட்ராஃபிக்கோடு ஏழுக்கு முன்னம் போய்விடலாம். டிக்கெட் நான் எடுக்கிறேன், ரோல்ஸ் நீங்கள். கீழ் வரிசையில், மூலைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் இருப்போம், ஓரப்பலகையில் இடி விழுகிற சத்தம் நெஞ்சில் கேட்கிற இடம். முதல் பகுதி முழுக்க யாரும் பக்கைப் பார்க்கக்கூடாது, அவனை மட்டும் பார்க்கவேண்டும். அன்று போனில் தேடிய அண்ணைக்கு மட்டும் ஒரு நிபந்தனை: போனை வண்டியிலேயே விட்டுவிட்டு வரவேண்டும்.

அக்கா முன் சீட். அவர் ஏற்கெனவே வருவதாகச் சொல்லிவிட்டார்.